ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும்

ஜூன் 3, திங்கள்

புது வேலையில் முதல் நாள். பாளையங்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல் மாடி. கீழே பன் வேகும் வாசனை, மேலே பதினான்கு நர்ஸுகள். செப்டம்பரில் இவர்களுக்கு ஜெர்மன் மொழித் தேர்வு. தேறினால் ஜெர்மனியில் மருத்துவமனை வேலை. தேறாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். எனக்கு முன்பிருந்த ஆசிரியர் இரண்டு நிலைகளை முடித்துவிட்டேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். எதை முடித்தாரோ.

ஒன்பது மணி வகுப்புக்கு ஒன்பதுக்கு இருந்தது ஆறு பேர். மற்றவர்கள் சந்தைக்கு வருவது போல ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி கையில் இட்லிப் பொட்டலம். பாடத்தின் நடுவே இரண்டு போன் பாடியது. நோட்டு கொண்டுவரச் சொன்னால் மருந்துக் கம்பெனி கொடுத்த டைரி, கிழித்த தாள், ஒருத்தி உள்ளங்கை.

பலகையில் எழுதிப் போட்டேன். ஒன்பது மணிக்குக் கதவு சாத்தப்படும். போன் பிஸ்கட் டப்பாவுக்குள். தினமும் முதல் கால் மணி நேரம் பழைய பாடம், வாய்விட்டு. பிழைகள் தனி நோட்டில், தேதியோடு. எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் டெர், டீ, டாஸ் இல்லாமல் எழுதக் கூடாது.

இடைவேளையில் பயிற்சி நிலையத்தின் முதலாளி தவசிமுத்து வந்தார். “மிஸ், கொஞ்சம் பாத்து. பிள்ளையெல்லாம் பயந்து ஓடிரக் கூடாதுல்லா?”

“ஓடுறவங்க இன்னைக்கே ஓடட்டும் சார்” என்றேன்.

வீட்டுக்கு வந்து இன்னொரு வகுப்பு. அதில் ஒரே மாணவர், என் வீட்டுக்காரர். மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை. வலது கைக்கு அசைவு திரும்பிவிட்டது, நடக்கிறார், சொல்வதெல்லாம் புரிகிறது. சொல் மட்டும் வரவில்லை. இருபத்திரண்டு வருடம் விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று கத்தினால் மறுமூலையில் பையன்கள் நிமிர்வார்கள். இப்போது வாயைத் திறந்தால் “தா, தா.” அவ்வளவுதான்.

ஜூன் 4, செவ்வாய்

ஐந்து பேர் வெளியே. தட்டினார்கள். திறக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று எல்லோரும் ஒன்பதுக்குள். வெற்றி என்று எழுதமாட்டேன். கதவுக்குப் பயந்து வந்திருக்கிறார்கள், மொழிக்காக இல்லை.

டெர்ருக்கு நீலம், டீக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை. கண்ணில் படும் பொருளிலெல்லாம் சீட்டு ஒட்டச் சொன்னேன். ஜன்னல், மின்விசிறி, தண்ணீர்க் கேன் எல்லாம் இப்போது பெயரோடு நிற்கின்றன. கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால் என்று யாரோ முந்தைய வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை இனிமேல் இந்த அறையில் சொல்லக் கூடாது, பொதுப்பால் என்று சொல்லுங்கள் என்றேன். ‘சின்னப் பெண்’ என்ற சொல்லும் அதே பொதுப்பால்தான் என்றதும் மேலப்பாளையம் சபூரா எழுந்து நின்றாள்.

“அது எப்பிடி மிஸ்? கரண்டி ஆம்பளையாம், பொம்பளப் பிள்ள மட்டும் ஒண்ணுமே இல்லையாம்?”

வகுப்பு சிரித்தது. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் துணிச்சல் வந்து இன்னொருத்தி கேட்டாள்: “மிஸ், சார் என்ன பண்ணுதாங்க?”

“பம்பாயில இருக்காங்க. வேலை” என்றேன். என் வீட்டு விஷயம் இவர்களுக்கு எதற்கு?

கடைசி வரிசை முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டு மேசையைச் சுரண்டினாள். ஆலங்குளத்துப் பெண். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி. எப்போதும் கவனம் வேறெங்கோதான்.

ஜூன் 14, வெள்ளி

பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொன்னது ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வற்புறுத்தாமல். இருபது நிமிடத்தில் எந்த மொழி வந்திருக்கிறது? நான் இரண்டு மணி நேரம் வைக்கிறேன். படம் போட்ட அட்டைகள். கரண்டி, தட்டு, செருப்பு, நாய். ஒழுங்கு வேண்டும், தினமும் வேண்டும். யாருக்கானாலும் முறை ஒன்றுதான்.

இன்று கரண்டிப் படத்தை நாற்பது தடவை காட்டியிருப்பேன். “க” என்று தொடங்கிக் கொடுத்தேன். உதட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு இடது கையால் மேசையில் இருந்ததை ஒரே வீச்சாகத் தள்ளினார். அட்டைகள் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தன.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வரும் தங்கபுஷ்பம் மதினி, அவருடைய அக்காள், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அவன் என்ன பால்வாடிப் பிள்ளையா எமிமா? கொஞ்சம் விடேன்.”

எனக்குக் கோபம் இல்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். திரும்ப அடுக்கினேன். மறுபடி கரண்டியிலிருந்து தொடங்கினேன்.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் கோவில் தேரோட்டம். ஊருக்கு விடுமுறை, என் வகுப்புக்கு இல்லை என்று சொல்லியிருந்தேன். ஒன்பது மணிக்குச் சபூரா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

“நீயாவது வந்தியே” என்றேன்.

“வீட்டுல இருந்தா மாமியா ஃப்ரிட்ஜத் தொடைக்கச் சொல்லுவாங்க மிஸ்.”

அவளை மட்டும் வைத்து முழு வகுப்பும் எடுத்தேன். கதவையும் சாத்தினேன்.

ஜூலை 1, திங்கள்

மாதத் தேர்வு. கேவலம். பதினான்கில் நான்கு பேர் தேறினார்கள். சொல் தெரிகிறது, வாக்கியம் வரவில்லை. சீட்டில் இருக்கும்வரை எல்லாம் சரி, வாயைத் திறக்கச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். பிழைநோட்டில் மட்டும் அழகான கையெழுத்து, நேராக அடிக்கோடு. அதை வைத்து என்ன செய்ய?

மாலையில் தவசிமுத்து ஒரு கட்டுத் தாளோடு வந்தார். தேர்வுக்கு வரக்கூடிய கடிதங்கள், உரையாடல்கள், எல்லாவற்றுக்கும் தயார் விடை. “இத அப்பிடியே நெட்டுரு போட வைங்க மிஸ். எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்?”

“ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு நோயாளி அங்க வலிக்குதுன்னு சொன்னா, இந்தத் தாள்ல பதில் இருக்கா சார்?”

“அது அங்க போன பொறவு பாத்துக்கிடலாம். மொதல்ல பாஸ் பண்ணணும்லா? முடியலன்னா சொல்லுங்க. ஆன்லைன்ல எடுக்க சென்னைல ஒருத்தர் ரெடியா இருக்காரு.”

அவர் போனதும் கட்டை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நாளையிலிருந்து பழைய பாடத்துக்குக் கால் மணி நேரம் இல்லை, அரை மணி. தப்பினால் பத்து முறை.

ஜூலை 10, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் முப்பிடாதி தூங்கிவிட்டாள். மேசையில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து. எழுப்பி நிற்க வைத்தேன். உறுப்புகளின் பெயர்களைப் பன்மையோடு சொல்லச் சொன்னேன். ஐந்தாவதில் தப்பினாள். முதலிலிருந்து என்றேன். மறுபடி தப்பினாள். மறுபடி முதலிலிருந்து என்றேன். நான் சத்தம் போடவில்லை. நான் வகுப்பில் சத்தம் போடுவதே கிடையாது.

அவள் நோட்டை மேசையில் அறைந்தாள்.

“இஷ் பின் மூடெ! இஷ் பின் கைனே மஷீனே!”

களைத்திருக்கிறேன், நான் இயந்திரம் இல்லை என்கிறாள். இந்த அறையில் யாரும் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. ‘கைனே’யின் ஈறு கூடத் தப்பவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். பிறகு தமிழுக்கு மாறினாள்.

“நைட்டு முழுக்க நின்னுட்டு வாரேன் மிஸ். இங்கயும் நிக்கேன். நீங்க எங்கள என்னன்னு நெனைக்கீங்க? ஐசியூல சார் மொதல்ல கண்ணத் தொறந்தப்ப அவங்க கையப் புடிச்சுக்கிட்டு அப்பிடி அழுதீங்களே. நாந்தான பக்கத்துல நின்னேன். மாஸ்க் போட்டிருந்ததால உங்களுக்குத் தெரியல. நீங்க பம்பாய்னு சொன்னீங்க, நானும் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. அன்னைக்குப் பாத்த மிஸ்ஸ நெனச்சுத்தான் இந்த வகுப்ப விடாம இருக்கேன். அவங்க எங்க?”

நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். மணி பத்தரை கூட ஆகவில்லை. பதினெட்டு வருடத்தில் வகுப்பைப் பாதியில் விட்டது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் அட்டைகளை எடுத்தேன். சாயங்கால வகுப்பைக் காலையிலேயே வைத்தால் என்ன? அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். வெயில். அவருக்குத் தாகம், தம்ளரைக் கை காட்டினார். படத்தைக் காட்டி, “தண்ணி. சொல்லுங்க, தண்ணி” என்றேன். மறுபடியும் கை நீட்டினார். தம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தேன். கேட்டு வாங்கும் பழக்கம் வர வேண்டும், அதற்காகத்தான். “தண்ணி. த. தண்ணி.” எத்தனை தடவை சொன்னேனோ. என் குரல் எனக்கே தெருவில் யாரோ சண்டை போடுவது போலக் கேட்டது.

“போதும்ட்டி!”

அவர்தான். முழுதாக, தெளிவாக, அந்த மைதானக் குரலில்.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. மதினி ஈரக்கையோடு ஓடி வந்தாள். நான் தம்ளரைப் பிடித்தபடி நின்றேன். அவர் தன் வாயைத் தொட்டுப் பார்த்தார். மறுபடி சொல்ல முயன்றார், “தா, தா” என்றுதான் வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அதற்குள்ளும் என்னை முறைத்தார்.

தண்ணீரைக் கொடுத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார். அவ்வளவு தாகம் இருந்திருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 15, திங்கள்

போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன். மன்னிப்பு கேட்க ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன், அது வரவில்லை.

“முப்பிடாதி, அன்னைக்குச் சொன்ன வாக்கியத்துல பிழையே இல்ல” என்றேன். “என் வீட்டுக்காரர் பம்பாயில இல்ல. இங்கதான் இருக்காங்க. பேச்சு வரல. வர்றதுக்குப் பாத்துட்டிருக்கோம்.”

முப்பிடாதி தலையசைத்தாள். சபூரா மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு பலகையை அழித்தேன். இரவுப் பணி முடிந்து வருபவர்கள் பத்து மணிக்கு வரலாம். மற்றவர்களுக்குக் கதவு ஒன்பதுக்கேதான், அதில் மாற்றம் இல்லை. போன் டப்பாவுக்குள்தான். பிழைநோட்டும் உண்டு. முதல் கால் மணி நேரம் மட்டும் வேறு. ஒவ்வொருவரும் ஒரு கோபத்தை ஜெர்மனில் சொல்ல வேண்டும். யார் மேல் வேண்டுமானாலும். என் மேலும்தான். ஆனால் காரணத்தோடு. ‘வைல்’ என்று போட்டு, ஏன் என்று சொல்லி முடிக்க வேண்டும். அந்தச் சொல் வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும், நம் தமிழில் போல. இதைத்தான் இவர்களுக்கு ஆறு வாரமாகப் புரியவைக்க முடியாமல் இருந்தேன்.

முதலில் சபூராதான் ஆரம்பித்தாள். எனக்கு மாமியார் மேல் கோபம், ஏனென்றால் எங்கள் ஃப்ரிட்ஜ் ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறது. வினை கடைசியில் வந்து உட்கார்ந்தது. அடுத்தவள் பேருந்து நடத்துநர் மேல். இன்னொருத்தி சம்பளத்தைப் பிடித்த மேட்ரன் மேல். நான்காவது ஆள் என் சிவப்புப் பேனா மேல். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். கால் மணி நேரம் முடிந்ததும் நிறுத்தினேன். முறை முறைதான்.

ஜூலை 26, வெள்ளி

கோப நேரத்தில் தவசிமுத்து எட்டிப் பார்த்தார். தன் பெயர் காதில் விழுந்திருக்கிறது.

“என்ன மிஸ், சிரிக்காங்க?”

“உங்களப் பத்தித்தான் சார். இலக்கணம் நல்லா வந்திருக்கு.”

மேலே மின்விசிறி மூன்று வாரமாக ஓடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலையில் ஆள் வந்து சரிசெய்தான்.

வீட்டில் அட்டைகளைப் பரணில் போட்டுவிட்டேன். பயிற்சி இருபது நிமிடம் மட்டும், பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்ன மாதிரி. மற்ற நேரம் தொலைக்காட்சியில் வாலிபால். நேற்று, கோட்டில் விழுந்த பந்தை வேண்டுமென்றே, “வெளிய போயிட்டு” என்றேன்.

“உள்ள! உள்ள!” என்று நாற்காலிக் கையைத் தட்டினார்.

“எனக்கென்ன தெரியும், வெளியதான்” என்றேன்.

“மட்டி!”

மதினி கைகூப்பினாள். “வாயத் தொறந்தா வசவுதான் வருது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.”

தண்ணி என்ற சொல் இன்னும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

உடம்பெல்லாம் எரிகிறது.

தேர்வுக்குப் பெயர் அனுப்பும் நாள். தவசிமுத்து ஒன்பது பெயரைத்தான் அனுப்பப் போகிறாராம். முப்பிடாதியும் வேறு நான்கு பேரும் அடுத்த வருடம் எழுதட்டுமாம். ஒன்பதும் தேறினால் வாசலில் நூற்றுக்கு நூறு என்று பேனர் கட்டலாமே, அதற்கு.

“அவங்க எழுத்துல கொஞ்சம் வீக். உண்மையா இல்லையா மிஸ்?”

உண்மைதான். அதனால்தான் இன்னும் எரிந்தது. “எழுதிப் பாக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அந்த அஞ்சு பேரும் போகலன்னா நாளைலருந்து நானும் இல்ல” என்றேன்.

“நீங்க போனா நான் ஆன்லைன்ல பாத்துக்கிடுவேன்.”

அப்போது கதவருகில் சபூரா நின்றாள். அவள் பின்னால் அனுப்பவிருந்த மற்ற எட்டுப் பேரும். சபூரா கோப நேரப் பழக்கத்தில் ஜெர்மனிலேயே தொடங்கிவிட்டாள்: நான் தேர்வு எழுதவில்லை, ஏனென்றால் என் தோழிகள் எழுதவில்லை. பிறகு அவருக்காகத் தமிழில் சொன்னாள்.

“எங்க ஒம்பது பேரையும் எடுத்துருங்க சார். யாரும் இல்லாம பேனர் கட்டுங்க.”

தவசிமுத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகத்தைத் துடைத்தார். “கட்சி கட்டிட்டு வந்திருக்கீங்களா?” என்றார். பதினான்கு பெயரும் போயின. பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 21, சனி

சென்னையில் தேர்வு. நான் போகவில்லை, அவரை விட்டு இரண்டு நாள் இருக்க முடியாது. நேற்று இரவு அவர்களை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தேன். பெட்டி முழுக்க புளிசாத வாசனை. ஜன்னல் கம்பி வழியாக முப்பிடாதி, “மிஸ், எழுதுறதுல மூணாவது கேள்விக்கு...” என்று ஏதோ கேட்டாள். வண்டி நகர்ந்துவிட்டது. பதிலை நடைமேடையில் ஓடியபடியே கத்தினேன். கேட்டிருக்காது.

அக்டோபர் 9, புதன்

முடிவு வந்துவிட்டது. பத்துப் பேர் எல்லாப் பகுதியிலும் தேறினார்கள். சபூராவுக்கு நல்ல மதிப்பெண். மூன்று பேர் அடியோடு போனார்கள். முப்பிடாதி கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தேறினாள். பேசுவதில் எல்லோரையும் விட அதிகம். எழுதுவதில் விட்டுவிட்டாள். அதை மட்டும் டிசம்பரில் திரும்ப எழுத வேண்டும்.

மாலையில் அவளிடமிருந்து போன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். வசை. முழுக்க ஜெர்மனில். கடிதம் எழுதச் சொன்ன கேள்வி மேல், போதாத நேரம் மேல், தேர்வறையின் குளிர் மேல், தன் மேல். ‘வைல்’ ‘வைல்’ என்று அடுக்கிக்கொண்டே போனாள். நடுவில் இரண்டு இடத்தில் வேற்றுமை தப்பியது. நான் திருத்தவில்லை. எனக்கும் கோபம்தான். ஆறு மதிப்பெண்ணில் ஒரு பெண்ணை மூன்று மாதம் நிறுத்தி வைத்தால் யாருக்குத்தான் வராது? நானும் பதிலுக்குக் கத்தினேன். “திங்கக்கிழமைலருந்து வா. தினம் ஒரு கடிதம். யாரத் திட்டணும்னாலும் திட்டு, ஆனா எழுதித் திட்டு.”

“யாருட்டி?”

நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

“பொறுங்க, பேசிட்டிருக்கேன்லா?” என்று வள்ளென்று விழுந்தேன். விழுந்த பிறகுதான் உறைத்தது. வசவு இல்லை, மாட்ச்சைப் பார்த்துப் போட்ட சத்தமும் இல்லை. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்டிருக்கிறார்.

நான் போனோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. நாற்காலிக் கையைத் தட்டினார். “யாரு?”

போனில் முப்பிடாதி, “மிஸ்? மிஸ், லைன்ல இருக்கீங்களா?” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“முப்பிடாதி” என்று அவரிடம் சொன்னேன். “ஆலங்குளத்துப் பிள்ள. நர்ஸு. நீங்க ஆஸ்பத்திரில கண்ண முழிச்சப்போ பக்கத்துல நின்னவ.”

அவர் போனைக் கேட்டுக் கையை நீட்டினார். கொடுத்தேன்.